மீன் ஏன் தேரையின் வாற்பேத்தைகளை மட்டும் விட்டுவைக்கிறது?

தெஹிவளை_மலர்
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் பின்வளவில் ஒரு பழைய சீமெந்துத் தொட்டி இருக்கிறது, அல்லி வளர்க்கிறோம். டெங்குப் பயத்தில் கப்பி மீன் விட்டோம், பிறகு மகன் எங்கிருந்தோ இரண்டு மூன்று சின்னத் திலாப்பியாவும் கொண்டுவந்து போட்டுவிட்டான். போன மழைக்குப் பிறகு தொட்டிக்குள் இரண்டு வகை வாற்பேத்தை வந்தது. ஒன்று கரிக்கறுப்பு, சின்னது, கூட்டமாக அடியில் மேயும். மற்றது மண்ணிறம், பெரிசு, மூக்கு நுனியில் வெள்ளைப் பொட்டு. இப்போது அந்த வெள்ளைப்பொட்டுக்காரர் ஒருவரும் இல்லை, மீன் முடித்துவிட்டது. கறுப்பு மட்டும் மீனுக்கு முன்னாலேயே ஒரு பயமும் இல்லாமல் திரிகிறது. அதுகளுக்கு நஞ்சா? மகன் அந்தத் தண்ணீருக்குள் கை விடுகிறான், நாய் வேறு அதில்தான் குடிக்கும். எடுத்து வெளியே ஊற்றிவிடவா?

கடலோரன்
மீனுக்குப் பசி இல்லை போல, வேறு ஒன்றுமில்லை. தினமும் தீன் போடுகிற தொட்டியில் மீன் ஏன் வாற்பேத்தையைத் துரத்த வேண்டும்? இரண்டு நாள் தீனை நிறுத்திப் பாருங்கள், கறுப்பும் காணாமல் போகும்.

குட்டைக்காவலன்
மலர் அக்கா, தயவுசெய்து ஊற்றிவிடாதீர்கள். கறுப்பு வாற்பேத்தை நம் வீடுகளைச் சுற்றித் திரிகிற சாதாரண தேரையுடையது. வெள்ளைப் பொட்டு வைத்தது மரத்தவளையுடையது, அதுதான் தண்ணீருக்கு மேலே கிளையிலோ தொட்டிச் சுவரிலோ நுரைக்கூடு கட்டி, குஞ்சுகளைக் கீழே விழவிடும் இனம். மீன் எது விருப்பமோ அதை எடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

கடலோரன் அண்ணா சொல்கிற பசிக் கதையில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, சரியான பசியில் இருக்கிற மீன் பிடிக்காததையும் விழுங்கிப் பார்க்கும். ஆனால் இரண்டு வகையும் ஒரே தொட்டியில், ஒரே மீனுக்கு முன்னால் இருந்தபோது ஒன்று மட்டும் தீர்ந்திருக்கிறதே, அதைப் பசி விளக்காது.

தேரைக் குடும்பத்துக்கென்று ஒரு நஞ்சு வகை இருக்கிறது, பூபாடயனோலைட் என்பார்கள், ஸ்டீரொயிட் வகைச் சேர்மங்கள். உடலின் ஒவ்வொரு கலத்திலும் சோடியத்தை வெளியே தள்ளிப் பொற்றாசியத்தை உள்ளே எடுக்கிற ஒரு பம்பி இருக்கிறது, இது போய் அதை அடைக்கும். முதலில் அடிபடுவது இதயத்துடிப்பு. நம் ஊர் மஞ்சள் அலரியின் நஞ்சும் இதே பம்பியைத்தான் அடைக்கிறது. அலரி விதை நஞ்சேறியவர்களுக்கு, டிகோக்சின் என்ற இதய மருந்துக்கு எதிராகச் செய்த மாற்று மருந்தைக் கொழும்பு தேசிய வைத்தியசாலையில் சோதித்து, அது வேலை செய்கிறது என்று 2000ஆம் ஆண்டு லான்செட் இதழில் வெளியிட்டார்கள். தேரை நஞ்சேறியவர்களுக்கும் அமெரிக்காவில் அதே மாற்று மருந்தைக் கொடுத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். செடியும் தேரையும் தனித்தனி வழியாக வந்து ஒரே பூட்டுக்குச் சாவி செய்திருக்கின்றன.

வளர்ந்த தேரைக்கு கண்ணுக்குப் பின்னால் இரண்டு பெரிய நச்சுச் சுரப்பிகள் புடைத்திருக்கும், எல்லாரும் பார்த்திருப்பீர்கள். வாற்பேத்தைக்கு அது இன்னும் வரவில்லை, அதன் நஞ்சு தோல் முழுக்கப் பரவியிருக்கிறது. மீனுடைய வாயில் முதலில் படுவதும் அந்தத் தோல்தான்.

மீன்தொட்டி_வெள்ளவத்தை
நான் கன காலமாக மீன் வளர்க்கிறவன். நீங்கள் சொல்வது பொதுவாகச் சரி, ஆனால் எல்லா மீனும் ஒன்றில்லை. என்னிடம் இருந்த ஒஸ்கார் ஒன்று கறுப்பு வாற்பேத்தையை விழுங்கியதை நேரே பார்த்தேன், துப்பவும் இல்லை, சாகவும் இல்லை. அடுத்த நாள் தீன் எடுக்காமல் மூலையில் நின்றது, பிறகு சரியாகிவிட்டது. நஞ்சு என்றால் செத்திருக்க வேண்டுமே?

குட்டைக்காவலன்
பெரிய மீன், ஒரு சின்ன வாற்பேத்தை. நஞ்சு என்பதே அளவுக் கணக்குத்தான். பிறகு அந்த ஒஸ்கார் வாற்பேத்தையைத் தொட்டதா, அதைச் சொல்லுங்கள்.

மீன்தொட்டி_வெள்ளவத்தை
இல்லை. பிறகு போட்டவற்றைப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனது. அப்போது நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

குட்டைக்காவலன்
அதுதான் விஷயம். இதை வடிவாகச் சோதித்துப் பார்த்த இடம் ஆஸ்திரேலியா. கரும்புத் தோட்டத்து வண்டைக் கொல்வதற்கென்று 1935இல் ஹவாயிலிருந்து குயின்ஸ்லாந்துக்குக் கரும்புத் தேரையைக் கொண்டுபோனார்கள். அதற்கு முன்னால் அந்தக் கண்டத்தில் தேரைக் குடும்பமே கிடையாது, அதனால் அங்குள்ள பல உயிர்களுக்கு இந்த நஞ்சு அறிமுகமே இல்லை. ஆனாலும் கொடுவா மீன் (நம் நீர்கொழும்புக் களப்பிலும் கொடுவா இருக்கிறது) அந்த வாற்பேத்தையை வாயில் எடுத்து, துப்பி, கெதியாகவே பாடம் படித்துவிட்டது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2001இல் இதை எழுதினார்கள். அந்த மீனினத்துக்குத் தேரை புதிதாக வந்த உயிர், தன் வாயாலேயே தெரிந்துகொண்டது.

இதைத் தொட்டியருகே நின்று பார்த்தால் நன்றாக விளங்கும். மீன் வாற்பேத்தையைக் கடிப்பதில்லை, வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும். வாற்பேத்தை தலை முதலாக உள்ளே போகும், வால் மட்டும் உதட்டுக்கு வெளியே துடிக்கும். மீனுக்கு உதட்டிலும் வாய்க்குள்ளும் செவுள் வளைவுகளிலும் கூடச் சுவையரும்புகள் இருக்கின்றன. ஒரு நொடி, இரண்டு நொடி, செவுள் மூடி வேகமாக அடிக்கத் தொடங்கும், பிறகு ஒரே தள்ளு. வெளியே விழுந்த வாற்பேத்தை இறந்ததுபோல் அடியில் கிடக்கும், கொஞ்ச நேரத்தில் வால் ஆடும், போய்க் கூட்டத்தில் சேரும். மீன் அதற்குப் பிறகும் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும்.

உயிரியல்_மாணவி
அண்ணா, ஒரு கேள்வி. நான் ஏஎல் பயோ செய்கிறேன். விழுங்கிய பிறகுதான் நஞ்சு வேலை செய்யும் என்றால் அந்த வாற்பேத்தைக்கு என்ன லாபம்? அது செத்துவிடும். செத்தது தன் பரம்பரையலகைக் கடத்தாதே. இயற்கைத் தேர்வு எப்படி இதை வளர்த்தது?

குட்டைக்காவலன்
நல்ல கேள்வி தங்கச்சி. இரண்டு வழியில் யோசிக்கலாம்.

ஒன்று, மேலே சொன்னதுதான். மீன் துப்பினால் பெரும்பாலும் உயிரோடு தப்புகிறது, மீன் பல்லால் கிழிப்பதில்லை என்பதால். அதனால் கசப்பாக இருப்பது அந்த ஒன்றுக்கே நேரடி லாபம், கொல்லுகிற நஞ்சை விட வாயில் வைத்தவுடன் தெரிகிற கசப்புத்தான் வாற்பேத்தைக்குப் பெரிய சொத்து என்று நான் நினைக்கிறேன்.

மற்றது சொந்தக்காரர் கணக்கு. தேரை ஜெலி மாலை மாதிரி நீளமான சரத்தில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும், கங்குன் கீரைத் தண்டில் சுற்றிக் கிடப்பதைக் கண்டிருப்பீர்கள், ஒளி பட்டால் உள்ளே கறுப்புப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். ஒரு தொட்டியில் திரிகிற கூட்டம் பெரும்பாலும் ஒரே தாயின் பிள்ளைகள். ஒன்று போய் மீனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தால் மிச்சப் பேர் அதே பரம்பரையலகோடு பிழைக்கிறார்கள். அமெரிக்கத் தேரையின் வாற்பேத்தைகள் தன் கூடப்பிறந்தவற்றை அடையாளம் கண்டு சேர்ந்து நீந்துகின்றன என்று 1979இலேயே காட்டினார்கள். நம் நாட்டில் இருக்கிற அதே இனத் தேரையை வைத்து இந்தியாவில் தார்வாட் நகரிலுள்ள கர்நாடகப் பல்கலைக்கழகத்தில் இதைப் பற்றி நிறையச் செய்திருக்கிறார்கள், அதுகளும் உறவை அறிகின்றன.

கறுப்பு நிறமும் கூட்டமும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை. சுவையானது ஒளிந்துகொள்ளும், மண்ணிறம் எடுக்கும், அசையாமல் கிடக்கும். கசப்பானது ஒளிய வேண்டியதில்லை, தெளிவாகத் தெரிந்தால்தான் மீன் ஒருமுறை படித்ததை மறக்காது.

கடலோரன்
கசப்பு, சுவை என்று எல்லாம் சொல்கிறீர்கள், மீனிடம் யார் கேட்டது? துப்பியது கசப்பாலா, வழுவழுப்பாலா, யாருக்குத் தெரியும்?

குட்டைக்காவலன்
மனிதர்களே சாப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள் அண்ணா. ரிச்சர்ட் வாசர்சக் என்பவர் கோஸ்டா ரிக்காவில் கோடை காலத்து வாற்பேத்தைகளை எடுத்து, ஆராய்ச்சி மாணவர்களை வைத்து ருசி பார்க்கவைத்தார். 1971இல் கட்டுரையாக வந்தது. கழுவி, வாயில் கடிக்காமல் கொஞ்ச நேரம் வைத்து, பிறகு வாலைக் கடித்து, பிறகு உடம்பைக் கடித்து, துப்பிவிட்டு வாய் கொப்பளித்து மதிப்பெண் போடவேண்டும். எல்லாவற்றிலும் மோசமான ருசி கரும்புத் தேரையின் வாற்பேத்தைக்குத்தான் கிடைத்தது. அதற்காக 2000ஆம் ஆண்டில் அவருக்கு இக் நோபல் பரிசும் (முதலில் சிரிக்கவைத்துப் பிறகு யோசிக்கவைக்கிற ஆய்வுகளுக்குக் கொடுப்பது) கொடுத்தார்கள். கேட்க ஒரு மாதிரியாக இருந்தாலும் அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி: எளிதாகக் கண்ணில் படுகிற வாற்பேத்தை கெட்ட ருசியாக இருக்கிறதா? ஆம் என்ற பக்கம்தான் விடை வந்தது. தயவுசெய்து இதை ஒருவரும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம், ஆசிய நாடுகளில் தேரை முட்டையைச் சமைத்துச் சாப்பிட்டு ஆட்கள் இறந்திருக்கிறார்கள்.

பாலா_கொட்டாஞ்சேனை
நான் ஒன்று நேரே சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். எங்கள் ஒழுங்கையில் டெங்கு வராத வீடே இல்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து ஒரு யோகட் கப்பில் தண்ணீர் கண்டாலும் ஏசிவிட்டுப் போகிறார். இங்கே நீங்கள் தவளைக்காக மீனை எடுக்கச் சொல்லப் போகிறீர்கள் என்று தெரிகிறது. பிள்ளைகளின் உயிர் பெரிசா, மரத்தவளையா?

குட்டைக்காவலன்
பிள்ளைகள்தான் பெரிசு, அதில் விவாதமே இல்லை. ஆனால் டெங்கு நுளம்பு எங்கே பெருகுகிறது என்று பாருங்கள்: கூரைப் பீலி, வெறும் யோகட் கப், தேங்காய்ச் சிரட்டை, பூச்சாடித் தட்டு, பழைய டயர். அல்லி வளர்கிற தொட்டியை விட இவைதான் பெரிய பிரச்சினை, அங்கே கப்பி விடவும் முடியாது. தொட்டியில் கப்பி இருக்கட்டும், நான் எதிர்க்கவில்லை. நான் சொல்வது திலாப்பியாவைப் பற்றி. 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட மீன் அது, குளத்து மீன்பிடிக்குப் பெரிய உதவி செய்தது, சரி, ஆனால் பின்வளவுத் தொட்டியில் அதற்கு ஒரு வேலையும் இல்லை.

மீன் விட்ட இடத்தில் எந்தத் தவளை மிஞ்சும் என்பதை மீனே தீர்மானிக்கிறது. பெய்ரா வாவி, வெள்ளவத்தைக் கால்வாய், தலவத்துகொடைப் பக்கத்துச் சதுப்புநிலம் என்று 2018இல் ராம்சார் என்கிற உலக ஈரநில உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்று பெயர் வாங்கிய ஊர் நம்முடையது. இங்கே எல்லா நீரிலும் வெளிநாட்டு மீன் ஏறிக்கொண்டே போனால், கடைசியில் தேரை மட்டும் சத்தம் போடும் ஊராகிவிடும். மீன் இல்லாத சின்னத் தொட்டி ஒன்று வளவில் இருப்பது அதனால்தான் முக்கியம் என்கிறேன்.

மீன்தொட்டி_வெள்ளவத்தை
கால்வாயில் இப்போது கத்திமீன், பலூன் மாதிரி வயிறு வைத்த மற்றது, எல்லாம் இருக்கிறது. தொட்டியில் பெரிசாகிவிட்டால் ஆட்கள் இரவில் கொண்டுபோய்க் கால்வாயில் விடுகிறார்கள். மீன் வளர்க்கிற எல்லாருக்கும் சொல்கிறேன், விடாதீர்கள், கடையில் திருப்பிக் கொடுங்கள். குட்டைக்காவலன், ஒன்று கேட்க வேண்டும். மீன் இல்லாத தொட்டியில் தேரைக் குஞ்சு இன்னும் நன்றாக வளர வேண்டுமே? என் அனுபவம் அப்படியில்லை. மீன் இல்லாத வாளியில் கறுப்பெல்லாம் மளமளவென்று குறைந்துபோனது.

குட்டைக்காவலன்
இதுதான் எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி, அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

வாளியில் தும்பிக் குடம்பி இருந்ததா என்று பார்த்தீர்களா? தும்பி வந்து நீரில் முட்டையிடும், அதன் குடம்பி அடியில் இலைக்குள் இருந்து தாடையை நீட்டி வாற்பேத்தையைப் பிடிக்கும், பிடித்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துத் தின்னும். நீர்ப்பூச்சிகளோ ஊசி மாதிரி வாயால் குத்தி உள்ளேயிருக்கிறதை உறிஞ்சிக் குடிக்கும், தோலை ருசி பார்ப்பதே இல்லை. தோலில் நஞ்சை வைத்திருப்பது முழுசாக வாயில் போடுகிற எதிரிக்கு எதிரான ஆயுதம், குத்தி உறிஞ்சுகிறவனிடம் அது அவ்வளவாகச் செல்லாது. இன்னொரு எதிரி, தவளை இனமே: பெரிய காளைத்தவளையின் வாற்பேத்தை மற்ற வாற்பேத்தைகளைத் தின்னும். தார்வாட் ஆட்கள் தேரைக் குஞ்சின் பயத்தைச் சோதிக்க அதைத்தான் எதிரியாக வைத்தார்கள்.

இப்போது மீனைப் போடுங்கள். மீன் தும்பிக் குடம்பியைத் தின்றுவிடும், அது மீனுக்கு நல்ல சாப்பாடு. அமெரிக்காவில் புல்ஃபுரொக் என்கிற பெரிய தவளை இருக்கிறது, அதன் வாற்பேத்தையும் மீனுக்குப் பிடிக்காது, 1977இலேயே அதைக் காட்டிவிட்டார்கள். அந்தத் தவளை தனக்குச் சொந்தமில்லாத ஒரிகன் மாநிலத்தில் பரவியபோது, வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட சூரியமீன் இருக்கிற குளங்களில்தான் நன்றாகப் பிழைத்தது. மீன் தும்பிக் குடம்பிகளைத் தின்றது, வாற்பேத்தையைத் தொடவில்லை. 2003இல் வந்த ஆய்வு அது. நம் தேரைக்கும் இதே கணக்குத்தான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். மலர் அக்காவின் தொட்டியில் கறுப்புக் கூட்டம் மீனுக்கு முன்னால் பயமில்லாமல் திரிவது சும்மா துணிச்சல் இல்லை. நஞ்சு இருப்பதால் அந்த மீன் அதுகளுக்கு எதிரி இல்லை, காவல்காரன். மரத்தவளைக் குஞ்சுக்கு அதே மீன் எமன்.

உயிரியல்_மாணவி
அப்படியென்றால் மீன் கூடக் கூட நஞ்சும் கூட வேண்டுமா? மீன் இருக்கிற குளத்துத் தேரைக் குஞ்சில் நஞ்சு அதிகமாக இருக்கிறதா?

குட்டைக்காவலன்
எல்லாரும் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். ஹங்கேரியில் ஐரோப்பியத் தேரையை வைத்து வெவ்வேறு குளங்களில் குஞ்சுகளைப் பிடித்து நஞ்சை அளந்தபோது (2016இல் வந்தது), எதிரிகளின் எண்ணிக்கையோடு அது பெரிதாகச் சேரவில்லை, கூட்டத்தோடு சேர்ந்தது. வாற்பேத்தைகள் நெருக்கமாக இருக்கிற குளத்தில் நஞ்சு கூட. சாப்பாட்டுக்குப் போட்டி போடுகிற பக்கத்துக் குஞ்சுகளுக்கு எதிராகவும் இது பயன்படலாம் என்று அவர்கள் யோசிக்கிறார்கள். கரும்புத் தேரையில் இதை விட விசித்திரம்: அதன் பெரிய குஞ்சுகள் புதிதாக இட்ட முட்டையைத் தேடிப் போய்த் தின்னும், முட்டையிலிருந்து கசிகிற நஞ்சின் வாசனையை வைத்தே வழி கண்டுபிடிக்கும். சிட்னிப் பக்கத்து ஆய்வாளர்கள் அந்த நஞ்சையே இரையாக வைத்துப் பொறி செய்தார்கள், கரும்புத் தேரைக் குஞ்சு மட்டும் கூட்டமாக வந்து விழுந்தது, 2012.

இன்னொரு வேதிப்பொருளும் உண்டு, அது நஞ்சில்லை, அபாயச் செய்தி. தோல் கிழிந்தால் தண்ணீரில் கலக்கும், சுற்றியுள்ள குஞ்சுகள் உடனே சிதறும். மீனில் இதை முதலில் கவனித்தவர் கார்ல் வொன் ஃபிரிஷ், 1938இல், தேனீயின் நடனத்தைப் படித்த அதே மனிதர். தேரைக் குஞ்சிலும் அப்படித்தான் என்று 1949இல் ஐப்ல்-ஐப்ஸ்ஃபெல்ட் என்ற ஆய்வாளர் எழுதினார். இந்தப் பயத்துக்கு விலை இருக்கிறது: அந்த வாசனையிலேயே வளர்ந்த கரும்புத் தேரைக் குஞ்சுகள் சின்னத் தேரையாகக் கரையேறுகின்றன. பயந்து ஒளிகிற நேரத்தில் சாப்பிட முடியாதே.

தெஹிவளை_மலர்
எல்லாருக்கும் நன்றி. இன்று காலை நின்று பார்த்தேன், குட்டைக்காவலன் தம்பி சொன்னபடி ஒரு திலாப்பியா புதிதாக முயற்சி செய்தது. உதட்டுக்கு வெளியே வால் துடித்தது, பிறகு துப்பிவிட்டு வாயைத் திறந்து திறந்து மூடியது. துப்பியது பாசி மேல் அப்படியே கிடந்தது, ஒரு பக்கம் சரிந்து. போய்விட்டதோ என்று நினைத்தேன், பிறகு எழும்பிப் போனது. என் கேள்விக்கு மட்டும் இன்னும் விடை வரவில்லை: மகனும் நாயும்?

குட்டைக்காவலன்
மகன் தொடலாம் அக்கா, தொட்டால் நஞ்சேறாது. ஆனால் கண்ணைக் கசக்காமல், வாயில் வைக்காமல், சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவ வேண்டும். வாற்பேத்தைக்கும் நம் கையில் இருக்கிற சவர்க்காரமும் நுளம்பு மருந்தும் கூடாது, தண்ணீரில் கையை அலசிவிட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள். அந்தத் தண்ணீரை நாய் நக்கியதால் பெரும்பாலும் பிரச்சினை வராது, ஆனால் முட்டைச் சரத்தையோ வளர்ந்த தேரையையோ கடிக்க விடாதீர்கள். கடித்து வாயில் நுரை தள்ளினால், தலையைக் கீழே சாய்த்து, தண்ணீரை உள்ளே போகவிடாமல் வாயைக் கழுவிவிட்டு உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

பாலா_கொட்டாஞ்சேனை
நான் கேட்டதற்கும் ஒரு வழி சொல்லுங்கள். மீன் இல்லாத தொட்டி வைத்தால் நுளம்புக்கு என்ன செய்வது?

குட்டைக்காவலன்
நுளம்பு முட்டையிலிருந்து பறக்கிற நிலைக்கு வர நம் வெயிலில் கிட்டத்தட்ட ஒரு கிழமை தேவை. அதற்குள் இரண்டு தரம் தேயிலை வடியால் மேற்பரப்பை அள்ளினால் குடம்பியும் கூட்டுப்புழுவும் போய்விடும், வாற்பேத்தை அடியில் இருப்பதால் வடியில் அதிகம் வராது, வந்தால் திருப்பி விடுங்கள். அள்ள நேரமில்லாத வீட்டுக்காரர் தொட்டி வைக்கவே வேண்டாம், அது என் உறுதியான கருத்து. பரிசோதகர் வந்தால் மறைக்காமல் காட்டுங்கள், அள்ளுகிறோம் என்று சொல்லுங்கள்.

தெஹிவளை_மலர்
சரி. திலாப்பியாவை மகனைக் கொண்டே பிடித்துக் கடைக்குத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறேன், கப்பி அங்கேயே இருக்கட்டும். கராஜில் ஒரு பெரிய மண்பானை இருக்கிறது, அதை மாமரத்துக்குக் கீழே வைக்கலாமா, மரத்தவளை வருமா?

குட்டைக்காவலன்
வரும் அக்கா, மழை விட்ட இரவுகளில். பானைக்கு மேலே ஒரு கிளை சாய்ந்திருக்கிற மாதிரி வையுங்கள், நுரைக்கூடு கட்ட அதற்கு ஒரு பிடி வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், மழைத் தண்ணீர் பிடித்து நிரப்புங்கள். உள்ளே ஒரு கல்லும் காய்ந்த பலா இலை கொஞ்சமும் போடுங்கள், கால் முளைத்த குஞ்சு ஏறி வெளியே வர வழி வேண்டும்.